கால்வினின் இறுதி அதிகாரமும் நம் குடியுரிமையும்

ஜான் கால்வின் 1559ஆம் ஆண்டில் நிறைவான வடிவில் வெளியிட்ட 'இன்ஸ்டிட்யூட்ஸ்' என்னும் இறையியற் பெருநூல் நான்கு புத்தகங்களையும் எண்பது அதிகாரங்களையும் கொண்டது. அவற்றுள் கடைசி அதிகாரம் குடியியல் ஆட்சியைப் பற்றியது. கடவுளை அறியும் அறிவில் தொடங்கும் ஒரு நூல் நீதிபதி, சட்டம், வரி, போர் ஆகியவற்றில் வந்து முடிவுறுவது தற்செயலன்று. 1536இல் வெளிவந்த முதற்பதிப்பிலும் இப்பொருள் நூலின் இறுதியிலேயே நின்றது. அப்பதிப்பின் முகவுரையோ பிரான்சு நாட்டு மன்னன் முதலாம் பிரான்சிசுக்கு எழுதப்பெற்றது. கலகக்காரர் எனப் பழிசுமத்தப்பட்ட ஒரு சிறு கூட்டத்தாருக்காகப் பரிந்து எழுதப்பட்ட நூல் அது என்பதை மறந்து இவ்வதிகாரத்தை வாசித்தல் கூடாது.

ஆட்சிமுறைகளை ஒப்பிடுவதில் இவ்வதிகாரம் எவ்வளவு தெளிவுடையதோ, குடிமகனின் இடத்தைக் குறிப்பதில் அவ்வளவு குறையுடையது என்பது நமது கருத்து. ரோமர் நிருபம் 13ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம், அறிந்தோ அறியாமலோ, சீர்திருத்தத் தந்தையரின் வாசிப்பையே பெரும்பாலும் பின்பற்றுகிறோம். ஆதலால் இக்குறையைச் சுட்டுவது வெறும் வரலாற்று ஆராய்ச்சியன்று. நம் பிரசங்கபீடத்தைப் பற்றிய காரியமே.

1. வகைப்பாடும் அதன் பயனும்

ஆட்சிமுறைகளை வகைப்படுத்தியவர்களுள் கால்வின் முதல்வர் அல்லர். அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் ஒருவர் ஆட்சி, சிலர் ஆட்சி, பலர் ஆட்சி என மூன்றாகப் பகுத்து, பொதுநலம் நாடுவது, தன்னலம் நாடுவது என ஒவ்வொன்றையும் இரண்டாக்கி ஆறு வகை காட்டினார். கால்வின் இம்மூன்றையும் ஏற்றுக்கொள்ளுகிறார். முடியாட்சி கொடுங்கோன்மையாகவும், மேலோர் ஆட்சி சிலரின் கட்சியாகவும், மக்களாட்சி குழப்பமாகவும் எளிதில் சரியும் என்கிறார். பின்னர், மேலோர் ஆட்சியோ, அதுவும் மக்களாட்சியும் கலந்த முறையோ ஏனையவற்றினும் மேலானது எனத் தேர்கிறார்.

இத்தேர்வுக்கு அவர் கூறும் காரணமே நம் கவனத்திற்குரியது. மேலோர் நல்லோர் என்பதன்று அவருடைய காரணம்; மனிதர் எல்லாரும் பாவிகள் என்பதே. தன்னை அடக்கத் தெரிந்த அரசன் அரிது. ஆகவே பலர் சேர்ந்து ஆளும்போது ஒருவருக்கொருவர் துணைநின்று, கற்பித்து, கண்டித்து, எல்லை மீறுகிறவனைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்கிறார். இங்கே பாவத்தைப் பற்றிய உபதேசம் தனிமனிதனின் உள்ளத்தை விட்டு ஆட்சியமைப்பின் இலக்கணமாகிவிடுகிறது. பாவியைத் திருத்துவது மட்டும் போதாது. பாவி கையில் அளவில்லா அதிகாரம் சேராதபடி காப்பதும் வேண்டும்.

லூத்தரோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். தாம் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைச் சாக்சனியின் கோமகன் ஜார்ஜ் தடைசெய்தபோது, உலக அதிகாரத்திற்கு எம்மட்டும் கீழ்ப்படிய வேண்டும் என்னும் நூலை லூத்தர் 1523இல் எழுதினார். ஆன்மாவின்மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று அவர் வரைந்த எல்லைக்கோடு என்றும் போற்றத்தக்கது. புத்தகத்தைத் தானாக ஒப்படைக்கலாகாது. பறித்துச் சென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் போதித்தார். ஆயினும் அந்நூலின் மூன்றாம் பகுதி, அரசன் எத்தகைய கிறிஸ்தவனாயிருக்க வேண்டும் என்பதையே விரித்துரைக்கிறது. லூத்தர் நல்ல அரசனைத் தேடுகிறார். கால்வின் நல்ல அமைப்பைத் தேடுகிறார். இதுவே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

2. விடுபட்ட இடம்

இத்தகைய கூர்மையான சிந்தனை குடிமகனிடம் வந்தவுடன் தயங்குகிறது. கொடிய அரசனுக்கும் கீழ்ப்படிந்து, பொறுத்து, ஜெபிப்பதே தனிமனிதரின் கடமை என்கிறார் கால்வின். தடுக்கும் பொறுப்பு, அரசனுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கே உண்டு. ஸ்பார்த்தாவின் எபோர்களையும், ரோமாபுரியின் ட்ரிபியூன்களையும், தம் காலத்து முக்குலப் பேரவைகளையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அத்தகையோர் அரசனின் கொடுமையைக் கண்டும் காணாதிருந்தால் மக்களின் உரிமையைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆவர் என்றும் கண்டிக்கிறார். இச்சில வரிகளிலிருந்தே, 1572ஆம் ஆண்டின் பர்த்தொலொமேயு நாள் படுகொலைக்குப்பின், பேசா முதலானோரின் எதிர்ப்புக் கோட்பாடு வளர்ந்தது. ஆனால் அந்தக் காவலர்களும் உறங்கிவிட்டால் சாதாரண மனிதன் செய்யத்தக்கது என்ன? கடவுளுக்கு விரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படியலாகாது என்னும் மறுப்பு ஒன்றே எஞ்சுகிறது. அது பெரிதே, ஆனால் அது மறுக்கும் உரிமை மட்டுமே, பங்கேற்கும் பொறுப்பு அன்று.

ஜெனீவா நகரத்தின் நிலையும் இதனை விளக்கும். அங்குச் சிறு சபைக்கு நகரில் பிறந்த குடிமக்களே வரலாம். உரிமை பெற்ற நகரத்தார் பொதுப்பேரவையில் வாக்களிக்கலாம். அடைக்கலம் தேடி வந்து குடியிருந்தோருக்கோ வாக்கு இல்லை. பெண்டிர் எவருக்கும் அது இல்லை. 1541 முதல் தொடர்ந்து அந்நகரில் போதித்து, அதன் சட்டங்களைத் தொகுக்கவும் உதவிய கால்வினே 1559ஆம் ஆண்டின் இறுதியில்தான் நகரத்தார் உரிமை பெற்றார். குடியுரிமை இல்லாதவரின் நிலையைத் தம் வாழ்விலேயே அறிந்த ஒருவர், அவர்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்று இவ்வதிகாரத்தில் வாதாடவில்லை. மாறாக, மெய்ச் சமயத்தைக் காப்பதும் ஆட்சியின் கடமை என்று வைத்தார். 1553இல் செர்வேத்துஸ் எரிக்கப்பட்டபோது ஒருவரையொருவர் தடுக்கவேண்டிய சபைகள் ஒருமனப்பட்டன. பலர் ஆள்வதால் மட்டும் நீதி பிறவாது என்பதற்கு அவருடைய நகரமே சான்று.

பதினாறாம் நூற்றாண்டு மனிதரிடம் இருபதாம் நூற்றாண்டின் மக்களாட்சியைத் தேடுவது நியாயமன்று என்று கூறலாம். உண்மையே. ஆனால் திருமறையிலேயே அவர் கையருகில் இருந்த செய்தியைக் குறைவாக எடுத்தாண்டார் என்று கூறுவது நியாயமாகும்.

3. பவுலும் நம் மொழிபெயர்ப்பும்

ரோமர் 13ஐ எழுதிய பவுல், விசாரணையின்றித் தம்மை அடித்த பிலிப்பி அதிகாரிகளிடம், இரகசியமாக வெளியேற மறுத்து, அவர்களே நேரில் வந்து அழைத்துச்செல்லுமாறு கேட்டார் (அப். 16). எருசலேமில் வாரினால் கட்டப்பட்டபோது தம் ரோமக் குடியுரிமையை எடுத்துரைத்தார் (அப். 22). பின்பு இராயனுக்கே அபயமிட்டார் (அப். 25). இவை கலகமல்ல, பொறுமையாய்ச் சகித்திருத்தல் மட்டுமும் அல்ல. அதிகாரியை அவனுடைய சட்டத்துக்கே கணக்கொப்புவிக்கச் செய்தல் இது. கீழ்ப்படிதலைப் பற்றி அப்போஸ்தலர் எழுதியதற்கு அவருடைய நடத்தையே முதல் விளக்கவுரை.

இச்செய்தி தமிழ்ச் சபைகளின் செவிக்கு எட்டாமற் போனதற்கு ஒரு மொழிக் காரணமும் உண்டு. குடியுரிமையைக் குறிக்கும் 'பொலித்தேயா' என்னும் கிரேக்கச் சொல், நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர் 22:28இல் 'சிலாக்கியம்' என்றும், எபேசியர் 2:12இல் 'காணியாட்சி' என்றும் நிற்கிறது. அதன் இனமான 'பொலித்தேயுமா' பிலிப்பியர் 3:20இல் 'குடியிருப்பு' ஆகிறது. மொழிபெயர்ப்பாளரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் காலத்தில் குடியுரிமை என்பதற்கு ஏற்ற வழக்குச் சொல் தமிழில் இல்லை. ஆயினும் இச்சொற்கள் கற்பிப்பது என்ன? குடியுரிமை ஒரு சலுகை, அல்லது பரம்பரை நிலவுரிமை, அல்லது வசிக்குமிடம். மூன்றிலும் பொறுப்பு என்னும் கருத்து இல்லை.

'காணியாட்சி' என்னும் சொல்லை நாம் தனியே சிந்திக்க வேண்டும். காணியுடையோர் ஊரை ஆண்டனர். காணியற்றோர் அவர்கள் நிலத்தில் உழைத்தனர். நம் சபைகளில் எத்தனையோ குடும்பங்கள் காணியற்றோர் வழிவந்தவை. புறம்பாயிருந்தவர்கள் இனி அந்நியரல்ல, ஒரே நகரத்தார் என்று அதே அதிகாரம் அறிவிக்கும்போது, அது அவர்களுடைய சரித்திரத்தையே தொட்டுப் பேசுகிறது. இவ்வசனத்தை விண்ணுலக ஆறுதலாக மட்டும் பிரசங்கித்தல் அதன் பாதியை மறைப்பதாகும்.

4. 1975இன் பாடம்

நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, காணி, கல்வி, சாதி, பால் எனும் வேறுபாடு இன்றி வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அன்றுமுதல், கால்வின் கீழதிகாரிகளுக்கு மட்டும் ஒதுக்கிய பொறுப்பு ஒவ்வொரு குடிமகன் கையிலும் வந்து சேர்ந்தது. இதன் பொருள் 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நிலவிய நெருக்கடிநிலையில் வெளிப்பட்டது. அன்று நம் எபோர்கள் யாவர்? நாடாளுமன்றம் தன் காலத்தைத் தானே நீட்டித்துக்கொண்டது. காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடும் வழி அடைபட்டதென 1976இல் உச்சநீதிமன்றத்தின் நால்வர் தீர்ப்பளித்தனர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். சபைத் தலைவர்களில் பலர் மௌனம் காத்தனர். 'கார்டியன்' இதழில் எம். எம். தாமஸ் எழுதிய கண்டனங்கள் அம்மௌனத்தினிடையே ஒலித்த அரிய குரல்.

இறுதியில் அவ்வாட்சியை அகற்றியது எந்தக் கீழதிகாரியும் அல்லர். 1977 தேர்தலில் வாக்களித்த, பெரும்பாலும் வடபுலத்தைச் சேர்ந்த, பெயரறியாக் குடிமக்கள். தமிழகம் அன்று வேறுவிதமாக வாக்களித்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. கால்வினின் காவலர்கள் உறங்கிய வேளையில், அவர் பொறுத்திருக்கச் சொன்னவர்களே விழித்திருந்தனர்.

5. வீட்டில் தொடங்கும் நியாயத்தீர்ப்பு

ஆட்சிமுறைகளின் ஒப்பீடு நம் திருச்சபைக்குப் புறம்பான பொருளன்று. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, பேராயர் முறை, மூப்பர் முறை, சபையார் முறை ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பில் இணைத்தது. ஒருவர், சிலர், பலர் என்னும் பழைய மூவகையும் இங்கே கலந்துள்ளன. கால்வின் விரும்பிய கலப்பு முறை இதனிலும் மேலாக எங்கே கிடைக்கும்? ஆயினும் நம் திருமண்டலத் தேர்தல்கள் சாதிக் கணக்கிலும், அணிப் பட்டியல்களிலும், நீதிமன்ற வழக்குகளிலும் முடிவதை நாம் அறிவோம். தடுக்கவேண்டியவர்கள் பங்காளிகளாகும்போது சிறந்த அமைப்பும் வெறுங்கூடாகிவிடுகிறது.

யோதாமின் உவமையில் ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தத்தம் நன்மையை விட்டுவர மனமில்லாமல் விலகிக்கொண்டன, முட்செடி ஆளவந்தது (நியா. 9). முட்செடியைப் பழிப்பது எளிது. விலகிய மரங்களைப் பற்றி நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்? அரசியல் அழுக்கு, சபைக்குழு சண்டை என்று ஒதுங்கி நிற்கும் பக்தியுள்ள விசுவாசியே அவ்வுவமையின் அத்திமரம்.

கால்வினின் அதிகாரத்தை நாம் ஒதுக்கவேண்டியதில்லை. பாவிகளாகிய நாம் ஒருவரையொருவர் தடுத்துக் காக்கவேண்டும் என்று அவர் கண்ட உண்மையை, அவர் நிறுத்திய இடத்திலிருந்து குடிமக்கள் அனைவர்வரை கொண்டுசெல்வதே நம் கடன். ரோமர் 13ஐப் பிரசங்கிக்கும் போதகர் அதே பவுலின் அப்போஸ்தலர் 16, 22, 25ஆம் அதிகாரங்களையும் சபையாரோடு வாசிப்பாராக. கீழ்ப்படிதலைப் போதிக்கும்போது, கேள்வி கேட்பதும் அக்கீழ்ப்படிதலின் ஒரு பகுதியே என்பதையும் போதிப்பாராக. அவ்வாறு கற்ற சபையே நாட்டுக்கும் தனக்கும் நல்ல குடிமக்களைத் தரும்.