அஞ்சல்தலையில் பீவர்: கனடாவின் ஒரு சிறு விலங்கும் அதன் மாறும் பொருளும்

1851 ஏப்ரல் 23 அன்று கனடா மாகாணம் தன் முதல் அஞ்சல்தலையை வெளியிட்டது. அஞ்சல் நிருவாகம் பிரித்தானியரிடமிருந்து மாகாணத்தின் கைக்கு வந்த மாதம் அது. சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் வரைந்த அத்தலையில், அரசியின் முகத்தை எதிர்பார்க்கும் இடத்தில், பீவர் என்னும் கொறித்துண்ணி நீர்க்கரையில் இருந்தது. அதே ஆண்டில் 6 பென்ஸ் தலையில் இளவரசர் ஆல்பர்ட்டும் 12 பென்ஸ் தலையில் விக்டோரியாவும் இடம்பெற்றனர். சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 3 பென்ஸ். ஆதலின் மக்கள் கையில் மிகுதியாகப் புழங்கியது பீவரே.

அணை கட்டும் இவ்விலங்கை உழைப்பின் குறியீடாகக் கொள்வதே வழக்கம். அவ்விளக்கம் தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. 1670இல் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் வணிகம் பீவர்த் தோலை நம்பியே வளர்ந்தது. அதன் மென்மயிரே ஐரோப்பியத் தொப்பிகளுக்கு மூலப்பொருள். பட்டுத் தொப்பி பரவியபின் அத்தேவை குன்றியது. சந்தையில் மதிப்புக் குறைந்த காலத்திலேயே இவ்விலங்கு சின்னமாக மதிப்புப் பெற்றது என்பது கருதத்தக்கது.

படம் மறைப்பவையும் உள. தலைக்கு மேல் முடியும் பிரித்தானிய நாடுகளின் மலர்ச்சின்னங்களும் உள்ளன. பொறியும் தோலும் இல்லை, தோல் தேடித்தந்த தொல்குடியினரும் இல்லை. அனிஷினாபே மக்களின் ஏழு மூதாதையர் போதனைகளில் பீவர் ஞானத்தைக் குறிக்கும். வணிகருக்குத் தோலாகவும் அரசுக்குச் சின்னமாகவும் அமைந்த உயிர், அவர்களுக்கு ஆசானாக இருந்தது. அப்பொருளுக்கு அஞ்சல்தலை இடந்தரவில்லை.

1954இல் 5 சென்ட் தலையில் பீவர் மீண்டும் தோன்றியது, இம்முறை காட்டுயிராக; கடற்பசு அன்று, வால்ரஸ் எனப்படும் கடல்விலங்கு அதே ஆண்டில் வேறொரு தலையில் இடம்பெற்றது. 1975இல் சட்டம் அதனை நாட்டின் சின்னமாக்கியது. முடியின் கீழிருந்த விலங்கு இயற்கையின் அடையாளமாகி, பின்னர் நாட்டின் அடையாளமாயிற்று.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கே ஒரு பொறுப்பு உண்டு. பீவரை நீர்நாய் எனப் பெயர்த்தால் பொருள் திரியும். சங்கப் பாடல்களின் நீர்நாய் வாளைமீன் உண்ணும் வேட்டைவிலங்கு. பீவரோ மரப்பட்டை தின்று அணை கட்டுவது. பெயர் மாறினால் தோல் வணிகத்தின் வரலாறும் அனிஷினாபே மரபும் சேர்ந்தே மறையும். கனடாவில் வாழும் தமிழர், தாம் குடியேறிய மண்ணின் சின்னத்தை அதன் பெயராலேயே அறிவது, அம்மண்ணின் முதற்குடிகளை அறிவதற்கும் தொடக்கமாகும்.