தமியானின் ‘நாம்’

கிறிஸ்தவ மிஷனரிமார் பற்றிப் பேச்செடுத்தால் எமது இலக்கிய வட்டத்தில் இரண்டு குரல்கள்தாம் கேட்கும். மிஷன் பாடசாலையில் படித்தவர்கள் தமக்குக் கற்பித்த கன்னியாஸ்திரீகளை நினைத்து நெகிழ்வார்கள். மற்றவர்கள் "எல்லாம் மதம் மாற்றத்தானே" என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிடுவார்கள். இரண்டுமே விமர்சனம் அல்ல. ஒதுக்கப்பட்டவர்கள்மீது ஒரு சமயத்தார் காட்டிய இரக்கத்தை எழுத்து எவ்வாறு பதிவுசெய்தது, அந்தப் பதிவுக்குள் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்று பார்ப்பதே எமது வேலை. அதற்காக நான் எடுத்துக்கொள்வது ஒரு சிறுபிரசுரத்தை. ‘புதையல் தீவு’ எழுதிய றொபேட் லூயி ஸ்டீவன்சன், 1890 பெப்ரவரி 25ஆந் திகதி சிட்னியிலிருந்து எழுதிய பகிரங்கக் கடிதம் அது. கடிதத்தின் விடயம் தமியான் அடிகளார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தும் சட்டத்தை ஹவாய் இராச்சியம் 1865இல் கொண்டுவந்தது. மறுவருடம் ஜனவரியில் முதல் தொகுதி நோயாளர்கள் மொலோக்காய்த் தீவிலுள்ள கலவாவோ என்ற இடத்தில் இறக்கப்பட்டார்கள். மூன்று புறமும் கடல். பின்புறம் ஏற முடியாத செங்குத்து மலை. 1873 மே 10ஆந் திகதி பெல்ஜியத்து விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த 33 வயதுக் குருவானவர் ஒருவர் அங்கே போய் இறங்கினார். வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், புண்ணைக் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். பத்துப் பதினொரு வருடத்தில் நோய் அவரையும் பிடித்தது. 1889 ஏப்ரல் 15ஆந் திகதி, 49 வயதில் மரணமானார்.

உலகமே அழுதது. ஹொனலூலுவில் வசதியாக இருந்த புரொட்டஸ்தாந்துப் போதகர் கலாநிதி ஹைட் அழவில்லை. இறந்தவர் முரடர், அழுக்கர், பிடிவாதக்காரர், யாரும் அனுப்பாமல் தானாகவே போனவர், பெண்கள் விடயத்தில் சுத்தமில்லாதவர், அவருக்கு வந்த நோய்க்கு அவருடைய நடத்தைதான் காரணம் என்று சக போதகர் ஒருவருக்கு அவர் எழுதிய தனிப்பட்ட கடிதம், அதே வருடம் ஒக்டோபரில் சிட்னியின் சபைப் பத்திரிகையொன்றில் அச்சாகிவிட்டது.

நோயைப் பாவத்தின் சம்பளமாகப் பார்க்கும் இந்தப் பார்வை எமக்கும் அந்நியமானதல்ல. 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதாவின் உடல் அழுகியபோது கொட்டகையே கைதட்டியது. அந்த மனிதனுக்கு வேண்டியதுதான் என்ற கைதட்டல் அது. தமியான் மொலோக்காய்க்குப் போன அதே 1873இல்தான் நோர்வேயில் ஹன்சன் என்ற வைத்தியர் இந்நோய்க்கான கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஹைட் படித்த மனிதர். இருந்தும் கிருமியைவிடப் பாவம் அவருக்கு வசதியாக இருந்தது.

ஸ்டீவன்சன் தமியானைச் சந்தித்ததில்லை. மரணம் நடந்து ஒரு மாதத்தின் பின்னர்தான் அத்தீவுக்குப் போய் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார். அவரும் ஸ்கொட்லாந்துப் புரொட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பிள்ளை என்பதை மறந்துவிடக் கூடாது. ஹைட்டின் கடிதம் கண்ணில் பட்டதும் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். அவதூறு வழக்கு வந்தால் கையிலிருப்பதெல்லாம் போய்விடும் என்று குடும்பத்தாருக்கு விளக்கி, அவர்களின் சம்மதம் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுத்தார். பிரசுரத்தால் வந்த பணத்தையும் தொட மறுத்துவிட்டார்.

வாதத்தை அமைக்கும் முறையில் அக்கடிதத்துக்கு ஈடான உரைநடை அபூர்வம். ஹைட்டின் கடிதத்தை முழுவதாக முன்னே வைத்து, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். மறுப்பார் என்று எதிர்பார்க்கிறோம். அவரோ ஒப்புக்கொள்கிறார்! முரடரா? இருக்கலாம். அழுக்கா? ஆம். பிடிவாதமா? அதுவும் சரி, அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அங்கே ஒரு குழாய்கூடப் போட்டிருக்க முடியாது. தனது நாட்குறிப்பில் தமியானின் குறைகளைப் பற்றி எழுதியிருந்தவற்றையும் மறைக்காமல் எடுத்துப் போடுகிறார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்பும் தமியான் சிறுத்துப் போகவில்லை. ஹைட்தான் சிறுத்துப் போகிறார். சுத்தமான மனிதர் தனது நல்ல வீட்டில் இருந்தார், அழுக்கு மனிதர் அழுகும் உடல்களின் நடுவே இருந்தார் என்ற ஒரே எதிர்நிலையை ஸ்டீவன்சன் திரும்பத் திரும்ப அடிக்கிறார். எமது புகழுரை எழுத்தாளர்கள் இதைப் படிக்க வேண்டும். ஒரு பெரியாரைப் பற்றி நாம் எழுதும்போது குறை என்று ஒரு வசனம் வந்துவிடாமல் எத்தனை பாடுபடுகிறோம். குறைகளைக் கழுவித் துடைத்த பிறகு எஞ்சுவது மனிதரல்ல, சட்டம் போட்ட படம்.

இருப்பினும் மூன்றாம் முறை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. இக்கடிதத்தில் நோயாளர்கள் தனி மனிதர்களாக உருப்பெறுவதில்லை. அவர்கள் பேசுவதுமில்லை. சிதைந்த முகங்களாகவும் கட்டிலில் கிடக்கும் உடல்களாகவும் தமியானின் பின்னணியில் அமைந்து, அவ்விடத்தின் கொடூரத்தைக் காட்டி, அங்கே போனவரின் துணிச்சலை உயர்த்திக் கொடுப்பதே அவர்களின் பணி. ஸ்டீவன்சன் கல்நெஞ்சர் அல்லர். அந்த ஒரு வாரத்தில் அங்கிருந்த சிறுமிகளோடு பந்து விளையாடினார். போன பிறகு அவர்களுக்கு ஒரு பியானோ அனுப்பிவைத்தார். மனிதராக அவர் கண்ட சிறுமிகள் எழுத்தாளராக அவர் எழுதிய கடிதத்துக்குள் வரவில்லை. அங்கே வழக்கு இரண்டு வெள்ளையர்களுக்கு இடையில், மூன்றாவது வெள்ளையர் ஒருவரைப் பற்றி நடக்கிறது. நோயாளர்கள் சாட்சிகள்கூட அல்லர், சான்றுப் பொருட்கள்.

தமியான் இந்த இடத்தில்தான் ஸ்டீவன்சனையும் தாண்டி நிற்கிறார் என்பது என் எண்ணம். தனக்கும் நோய் வந்துவிட்டதென்று தெரிந்த பிறகு ஒரு ஞாயிறு பூசையில் "தொழுநோயாளராகிய நாம்" என்று அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார், சனங்கள் விம்மி அழுதார்கள் என்று சரித நூல்களும் படங்களும் காட்டும். நல்ல நாடகக் காட்சி. ஆனால் போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில், 1873இன் இறுதியிலேயே, ஊரிலிருந்த தன் சகோதரருக்கு அவர் எழுதிய கடிதமொன்று இருக்கிறது. ‘சகோதரர்களே’ என்று அழைக்காமல், தொழுநோயாளராகிய நாம் என்றே பிரசங்கம் செய்வதாக அதில் சொல்கிறார். அன்று அவர் உடலில் ஒரு தழும்பும் இல்லை.

ஆங்கிலத்தில் இதை வாசிப்பவருக்கு இதன் முழுக் கனமும் தெரியாது. அந்த மொழியில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல். பாதிரிமாராகிய நாங்கள் என்று சொல்லவும், உங்களையும் சேர்த்து நாம் என்று சொல்லவும் அங்கே ஒரே வார்த்தை போதும். தமிழில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. ஹவாய் மொழியிலும் முடியாது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ‘காகோவ்’, கேட்பவரை வெளியே நிறுத்த ‘மாகோவ்’ என்று அங்கும் இரண்டு சொற்கள். தமியான் பிரசங்கித்தது அந்த மொழியில். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் வாயைத் திறக்கும்போதே, தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை அவர் தெரிவுசெய்தாக வேண்டியிருந்தது. இதை எழுதிய ஐரோப்பியச் சரித ஆசிரியர் எவரையும் நான் காணவில்லை. தமிழ் வாசகனுக்கோ அது உடனே கேட்கும்.

மதமாற்றம் பற்றிய கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதே கடிதத்தில், எல்லாரையும் கிறிஸ்துவுக்கு ஆதாயப்படுத்தவே தன்னை அவ்வாறு ஆக்கிக்கொள்வதாகவும் அவர் ஒளிவில்லாமல் எழுதுகிறார். புரொட்டஸ்தாந்தாரோடும் மோர்மன்களோடும் ஆள்சேர்ப்புப் போட்டி அங்கும் இருந்தது. தமியான் வருவதற்கு முன்பே, 1866இல், அங்கே கொண்டுவந்து தள்ளப்பட்டவர்கள் தாமே ஒரு சபையாகக் கூடி, பின்னர் சிலோவாமா என்ற கோவிலையும் எழுப்பிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அதாவது அவர்கள் எவரோ வந்து மீட்கும்வரை வெறுமனே கிடந்த உடல்களல்லர். இத்தனையையும் சொன்ன பிறகும் கேட்கத் தோன்றுகிறது: ஆள்சேர்க்கப் போனவன் பதினாறு வருடம் இருந்து அழுகிச் சாகவேண்டிய அவசியம் என்ன? போட்டிச் சபையின் நன்மையைப் பொறுக்க முடியாத ஹைட்டின் வாயிலிருந்து வந்ததும் "உள்நோக்கம்" என்ற வாதம்தான். நாம் அதே வசனத்தை உச்சரிக்கும்போது யாருடைய கதிரையில் உட்காருகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஈஸா நபி (அலை) வெண்குஷ்டரோகியைக் குணமாக்கியதை ஆலு இம்ரானிலும் அல்மாயிதாவிலும் ஓதுபவர்கள் நாம்.

நோயாளரின் பக்கத்திலிருந்து எழுந்த ‘நாம்’ ஒன்றும் உண்டு. கவாய்த் தீவின் மாட்டுக்காரன் கலுவைகோலாவுக்கு நோய் கண்டபோது, மனைவியைப் பிரிந்து மொலோக்காய்க்குப் போக மறுத்தான். மனைவி பீலானியோடும் சிறு மகனோடும் கலாலாவ் பள்ளத்தாக்குக்குள் இறங்கினான். 1893இல் பிடிக்க வந்த ஷெரிப்பைச் சுட்டான். பீரங்கியோடு வந்த படையிடமும் அகப்படவில்லை. ஜக் லண்டன் 1909இல் இதைச் சிறுகதையாக்கினார். கோலாவ் அங்கே உருக்குலைந்த கூட்டமொன்றின் தலைவன். துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு தனியே சாகிறான். மனைவியும் இல்லை, மகனும் இல்லை. வீரனுக்குக் குடும்பம் இடைஞ்சல் என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் மூன்று வருடங்களுக்கு அதிகமாக அந்தக் காட்டில் இருந்து, முதலில் மகனையும் பின்னர் கணவனையும் தன் கையாலேயே அடக்கம் செய்துவிட்டு, நோயில்லாத உடம்போடு தனியே மலையேறி ஊர் திரும்பியவள் பீலானி. லண்டனின் கதைக்கு முன்பே, 1906இல், அவள் சொன்ன வரலாறு ஹவாய் மொழியில் நூலாகிவிட்டது. அதில் பிடிபடாத வீரன் முக்கியமல்ல. பசி, மழை, சேப்பங்கிழங்கு, மகனின் வயிற்று நோவு ஆகியவையே முக்கியம். ஸ்டீவன்சனின் கடிதத்தில் நான் தேடிக் காணாதது அங்கே இருக்கிறது.

இவ்வளவு தூரத்துத் தீவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மட்டக்களப்பு வாவியிலேயே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க அதுவும் தண்ணீர் சூழ்ந்த இடமாகத்தான் தெரிவுசெய்யப்பட்டது. எமது கதைகளில் அது எத்தனை தடவை வந்திருக்கிறது? வருவதெல்லாம் ரமழான் இருபத்தேழில் ஸகாத் வாங்க வரிசையில் நிற்கும் கூட்டம். முதலாளியின் மனம் இளகுவதற்காக ஒரு ஏழை விதவை, ஒரு கைவிரலற்ற பிச்சைக்காரன். இருபது வருடங்களுக்கு முன் நானும் அப்படியொரு கதை எழுதிப் பாராட்டு வாங்கினேன். பள்ளி வாசலில் கிடந்த குஷ்டரோகிக்கு ஜுப்பாவைக் கழற்றிப் போர்த்திவிடும் ஹாஜியார் கதை. ஹாஜியாருக்குப் பெயர், வியாபாரம், இரண்டு பெண்மக்கள் எல்லாம் வைத்திருந்தேன். போர்வைக்குள் இருந்தவன் ‘அவன்’தான். அபஸ ஸூறாவை நூறு தடவை ஓதிய பிறகும் அப்படித்தான் எழுதினேன். அங்கே வந்த அந்தகர் பிச்சைக்கு வரவில்லை, அறிவு கேட்டு வந்தார். தப்ஸீர்களில் அவருக்குப் பெயர் உண்டு: அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி). பிற்காலத்தில் பாங்கு சொன்னவர், மதீனாவின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்.

1936இல் தமியானின் உடலைத் தோண்டியெடுத்து பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1995இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட பிறகு வலது கை மட்டும் கலவாவோவுக்குத் திரும்பிவந்து பழைய குழியிலேயே அடக்கம் செய்யப்பட்டது. புனிதர் பட்டம் 2009இல் கிடைத்தது. ஒதுக்கிவைக்கும் சட்டம் 1969இல்தான் நீங்கியது. அதற்குள் எண்ணாயிரம் பேருக்கு மேல் அங்கே அனுப்பப்பட்டுவிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் குழிகளுக்கு அடையாளக் கல் கிடையாது.