பாணனும் கொடையும்: போல் றோப்சனின் இசைவாழ்வு குறித்துச் சில சிந்தனைகள்

பண்டைத் தமிழிலக்கியத்திற் பாணன் பெறுபவன், புரவலனே கொடுப்பவன். வீரமும் கொடையும் தலைவனுக்குரியன, அவற்றைப் பாடிப் பரிசில் பெறுதல் கலைஞனுக்குரியது என்று அமைந்திருந்த அவ்வுறவினைப் பேராசிரியர் கைலாசபதி வீரயுகப் பாடல்கள் பற்றி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறவு தலைகீழான சந்தர்ப்பங்கள் சில உள. பாடுபவனே கொடுப்பவனாகி, அதனாலேயே வீரனெனப் போற்றப்படுகின்றான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் போல் றோப்சன் (1898–1976) இதற்குத் தக்க சான்று. ஆயினும் அவரைப் பற்றி எழுதுவோர் பலர் பழைய புரவலனின் ஆசனத்தில் அவரை இருத்தி, வள்ளல் என வாழ்த்தி அமைதி கொள்கின்றனர். அவர் கொடுத்தவற்றின் பட்டியல் நீள்கின்றது. பெற்றுக்கொண்டவை மறைந்து போகின்றன.

றோப்சனின் தந்தையார் வட கரோலைனாவில் அடிமையாகப் பிறந்து, இளவயதிலேயே தப்பியோடிப் பின்னர் மதபோதகரானவர். மகன் றட்கேர்ஸ் கல்லூரியிற் பயின்று, 1923இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றார். சட்டத்துறையில் நிறவெறி வழிமறித்தமையால் மேடைக்கு வந்தார். 1925 ஏப்ரலில், லோறன்ஸ் பிறவுண் பியானோ இசைக்க, நியூ யோர்க்கில் அவர் நிகழ்த்திய கச்சேரி முழுவதும் கறுப்பின மக்களின் பாடல்களாலேயே ஆனது. ஐரோப்பிய சாஸ்திரிய இசையைப் பாடி முடித்தபின், ஏறத்தாழ நம்மவர் துக்கடாப் பாடுவதுபோல், இறுதியில் இடம்பெற்று வந்த அடிமைக்கால வழிபாட்டுப் பாடல்களுக்கு ஒரு தனிப்பாடகரின் மேடையில் முழு உரிமையும் அன்று கிடைத்தது. பிற்காலத்தில் அவர் ஆற்றிய அரசியற் பணிக்கெல்லாம் இதுவே முன்னோடி எனலாம்.

எனினும் அன்றைய றோப்சன் போராளியல்லர். இலண்டனில் புகழும் பொருளும் ஈட்டிய நட்சத்திரமாகவே அவர் இருந்தார். 1929 அளவில், வேலையிழந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சிலர் இலண்டன் தெருவிற் பாடிக்கொண்டு ஊர்வலம் வந்தபோது, அவ்விசையாற் கவரப்பட்டு அவர்களுடன் சேர்ந்து நடந்தார். அவர்கள் ஊர் திரும்பவும் உதவினார் என்பர். இந்நிகழ்ச்சியைச் செல்வந்தக் கலைஞனின் ஈகையாகக் காண்பது எளிது. ஆனால் அங்கு முதலிற் பாடியவர்கள் தொழிலாளர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. தன் இனத்தின் துயரம் நிறத்தால் மட்டும் ஆனதன்று, உழைப்பைச் சுரண்டும் அமைப்பினாலும் ஆனது என்ற தெளிவினைத் தமக்கு வேல்ஸ் தந்தது என்ற கருத்தினை றோப்சன் பின்னர் பலமுறை வெளியிட்டுள்ளார். 1934 செப்ரெம்பரில் கிறெஸ்போர்ட் சுரங்க விபத்தில் 266 பேர் மாண்டபோது, கயர்னாவன் நகரில் நிகழ்த்திய கச்சேரியின் ஊதியத்தை அவர்தம் குடும்பங்களுக்கான நிதிக்கு அளித்தார். 1938 சனவரியிற் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று சர்வதேசப் படையணியினர்க்குப் பாடினார். அவ்வாண்டு டிசெம்பரில், ஸ்பெயினில் வீழ்ந்த வேல்ஸ் வீரர் 33 பேருக்கு மவுண்டன் ஆஷ் நகரில் நடந்த நினைவுக் கூட்டத்தில், அவர்கள் தமக்காகவும் மாண்டார்கள் என்பதாலேயே வந்ததாகக் கூறினார். இது கொடுப்பவனின் மொழியன்று, கடன்பட்டவனின் மொழி.

இம்மாற்றம் அவருடைய கலையில் எவ்வாறு பதிந்தது? ‘ஷோ போட்’ இசைநாடகத்தில் மிசிசிப்பி ஆற்றை நோக்கிக் கறுப்பினச் சுமைதொழிலாளி பாடும் பாடலை றோப்சன் 1928இல் இலண்டன் மேடையிலும் 1936இல் திரைப்படத்திலும் பாடினார். ஹமர்ஸ்ரைன் இயற்றிய மூலத்தில் அத்தொழிலாளி வாழ்ந்து சலித்தவன், சாவுக்கு அஞ்சுபவன். முப்பதுகளின் பிற்பகுதி தொடக்கம் றோப்சன் அவ்வரிகளைத் தாமே மாற்றிப் பாடலானார். புலம்பல் இருந்த இடத்தில் இறக்கும்வரை போராடும் உறுதி புகுந்தது. மெட்டு மாறவில்லை. ஆனால் முன்னைய ஒலிப்பதிவில் இறங்கித் தேயும் மந்திர ஸ்தாயிக் குரல் பின்னையதில் இறுதி வரியிற் சரியாது நிமிர்ந்து நிற்பதை எவரும் கேட்டுணரலாம். பாடலாசிரியருக்குரிய உரிமையைப் பாடகர் மீறலாமா என்று கேட்பாருளர். கறுப்பினத்தவன் வாயில் வெள்ளையர் ஒருவர் இட்ட சோர்வினை அக்கறுப்பினத்தவனே திருத்தியமையை உரிமை மீறல் எனக் கொள்ள என்னால் இயலவில்லை.

உலக நாட்டார் இசைகள் யாவும் ஐந்து சுர அடிப்படையில் ஒன்றுபடுகின்றன என்ற அவரது கொள்கை வேறு விடயம். மோகனம் போன்ற ஔடவ இராகங்களிற் பழகிய நமக்கு அது கவர்ச்சியாகத் தோன்றினும், ஆய்வுநிலையில் அது ஒற்றுமைக்கான வேட்கையேயன்றி நிறுவப்பட்ட உண்மையன்று.

திரைப்படங்களில் அவருக்கு இத்தகைய வெற்றி கிட்டவில்லை. 1935இல் வெளியான ‘சாண்டர்ஸ் ஒஃப் த றிவர்’ ஏகாதிபத்திய ஆட்சியைப் போற்றும் படமாக முடிந்தது. அதில் நடித்தமைக்கு அவர் வருந்தினார். 1940இல் வெளிவந்த ‘த பிறவுட் வலி’ அவர் பெருமை கொண்ட படம். அங்கும் கறுப்பின நாயகன் தோழர்களைக் காக்கச் சுரங்கத்தில் உயிர்விடுகின்றான். ஒற்றுமையின் விலையை அவனே செலுத்தவேண்டியிருப்பதை முற்போக்கு விமர்சகர்கள் போதியளவு கவனித்திலர்.

கவனித்தும் பேசாது விட்ட விடயம் ஒன்றுண்டு. 1949இல் மொஸ்கோ சென்ற றோப்சன், தமது நண்பரான யூதக் கவிஞர் இட்சிக் பெஃபரைச் சந்தித்தார். பெஃபர் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்தார் என்றும், தம் நிலையைச் சைகைகளாலேயே உணர்த்தினார் என்றும் றோப்சனின் மகன் பின்னர் எழுதினார். அங்கு நடந்த கச்சேரியில் பெஃபரின் பெயரைச் சொல்லி, வார்சோ யூதரின் எதிர்ப்புப் பாடலை அவர்தம் மொழியிலேயே றோப்சன் பாடினார். ஆனால் அமெரிக்கா திரும்பியபின் சோவியத் நாட்டில் யூதர்க்கு எதிரான அடக்குமுறை இல்லையென்றே கூறினார். 1952இல் பெஃபர் கொல்லப்பட்டார்; அவ்வாண்டுக்குரிய ஸ்ராலின் பரிசு றோப்சனுக்கு வழங்கப்பட்டது. எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கலாகாது என்ற எண்ணம் அம்மௌனத்துக்குக் காரணமாகலாம். காரணம் விளங்குவதால் மௌனம் சரியாகிவிடாது. மேடையிற் பாடத் துணிந்ததை மேடைக்கு வெளியே சொல்ல மறுத்தார் என்ற முரண்பாட்டை மறைத்து எழுதப்படும் வீரவரலாறு அவருக்கே இழைக்கும் அநீதியாகும்.

அவர் செலுத்திய விலையையும் குறைத்து மதிப்பிடலாகாது. 1949 ஓகஸ்டில் பீக்ஸ்கில் அருகே நடைபெறவிருந்த கச்சேரி வன்முறையால் தடைப்பட்டது. செப்ரெம்பர் 4இல் தொழிற்சங்கத்தினர் சூழ்ந்து காவல் நிற்க மீண்டும் பாடினார். கலைந்து சென்றோரின் வாகனங்கள்மீது கல்வீச்சு நடந்தது. 1950இல் அரசு அவரது கடவுச்சீட்டைப் பறித்தது, மண்டபங்கள் கதவடைத்தன, வருமானம் வீழ்ந்தது. கொடுக்கக் கையிற் பொருளின்றிப் போன இக்காலத்திற்றான் கொடையின் மறுபக்கம் தெளிவாகின்றது. 1952 மே மாதம் சுரங்கத் தொழிற்சங்கம் ஒன்று கனடிய எல்லையில் ஏற்பாடு செய்த கூட்டத்தில், அமெரிக்க மண்ணில் நின்ற பார வாகனமொன்றின் மீதேறி எல்லைக்கப்பால் திரண்ட ஆயிரக்கணக்கானோர்க்குப் பாடினார்.

1957 ஒக்ரோபர் 5இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் போர்த்கோல் நகரில் தமது கலைவிழாவை நடத்தினர். அழைக்கப்பட்ட பாடகர் நாட்டைவிட்டு வெளியேற முடியாதவர். அத்திலாந்திக் கடலடியில் முந்திய ஆண்டுதான் இயங்கத் தொடங்கிய தொலைபேசி வடம் வழியே, நியூ யோர்க்கிலிருந்து அவர் பாடினார். மண்டபத்தில் ஏறத்தாழ 5,000 பேர் கேட்டனர். சங்கத் தலைவர் வில் பெய்ன்ரர் வாழ்த்துரைத்தபின், திறியோர்க்கி ஆண்கள் பாடற்குழு அதே வடத்தில் அவருக்குப் பாடியது. இறுதியில் கூடியிருந்தோர் யாவரும் தமது ஊரின் வரவேற்புப் பாடலைப் பாடினர். அமெரிக்க உயர்நீதிமன்றம் 1958இல் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பின் பயனாகக் கடவுச்சீட்டு மீளக் கிடைத்தது. அவ்வாண்டு ஓகஸ்டிலேயே றோப்சன் வேல்ஸ் சென்று எபு வேல் விழாவில் நேரிற் பாடினார்.