முகமும் பெயரும்: நின்றுபோன செய்தித்தாள்களின் உருவப்படங்களைக் காத்தல்

திருநின்றவூர்ப் பூசலார் வரலாற்றுக்கு வித்தாயமைந்தது, சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரை ஊரோடு சார்த்திப் பெயர் சுட்டிய ஒரு சிறு குறிப்பேயாகும். நம்பியாண்டார் நம்பி அதனை அந்தாதியில் வகுத்தார். சேக்கிழார் புராணமாக விரித்தார். பூசலார் மனத்துள் எழுப்பிய கோயிலுக்குக் கல் இல்லை; எனினும் ஊரும் பெயரும் நின்றமையின் வரலாறும் நின்றது. இதற்கு மறுதலையானது உருவம் இருந்தும் பெயர் இழந்த நிலை. வெளியீடு நின்றுபோன செய்தித்தாள்களின் உருவப்படங்களைக் காப்பகத்திற் சேர்ப்போர்க்கு நேரும் இடர் இதுவே. அதனை ஈண்டு ஆராய்வாம்.

செய்தித்தாளின் உருவப்படம் இரு கூறாக வாழ்வது. முகத்தின் நுண்மை மூலப்படத்தில் உள்ளது. அச்சிட்ட தாளில் அது புள்ளிகளாய்ச் சிதறித் தோன்றும். பெயரோ பெரும்பாலும் அத்தாளில், படத்தின்கீழ் உள்ளது. மூலப்படத்தின் பின்புறத்துப் பென்சிற் குறிப்பும், நாள் முத்திரையும், படமிட்ட உறையுமே இவ்விரண்டையும் பிணிப்பன. எனவே, முன்புறத்தை மட்டும் மின்படி எடுத்து உறையை எறிந்துவிடுதல் காத்தலாகாது.

படத்தின் அழகே போதும் என்பாரும் உளர். அது பொருந்தாது. செய்தித்தாள் ஒரு முகத்தை அழகு கருதி வெளியிடவில்லை. மணம், தேர்வில் வெற்றி, மறைவு என ஒரு காரணம் பற்றியே வெளியிட்டது. அக்காரணம் நீங்கின் அப்படம் ஆவணம் என்னும் தகுதியை இழக்கும்.

இவ்வுண்மையை நம் தொகைநூல்கள் முன்னரே உணர்த்தியுள்ளன. புறநானூற்றுப் பாட்டுகளைத் தொடர்ந்து வரும் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் இல்லையேல், பாட்டுக்குரிய புலவரும் தலைவரும் யாரெனத் துணிதல் பலவிடத்து இயலாது. 1894-இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இக்குறிப்புகளைப் பாட்டோடு சேர்த்தே தந்தார். குறுந்தொகையிலோ, இயற்பெயர் கிடைக்காத புலவர் தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என வழங்கப்பெற்றனர். பெயர் அறியாவிடத்தும் படத்திலுள்ள சான்றுகளைக்கொண்டு அடையாளம் தரலாம் என்பது இதனாற் பெறப்படும்.

பிறநாட்டு முயற்சிகளும் இங்கு நோக்கத்தக்கன. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1859-இல் தோன்றிய 'ராக்கி மவுண்டன் நியூஸ்' 2009-இல் நின்றது. அதன் படத்தொகுதி அந்நகரப் பொதுநூலகத்தை அடைந்தது. பிட்ஸ்பர்க் நகரின் கருப்பின மக்கள் இதழொன்றுக்குப் படமெடுத்த டீனி ஹாரிசின் ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்களைக் கார்னகி கலைக் காட்சிச்சாலை 2001-இல் பெற்றது. படங்களிலுள்ளோரை அடையாளங் காட்டுமாறு நகரமக்களையே வேண்டியது. இம்முறை போற்றத்தக்கது. ஆயினும், கூறியவர் யார், என்று கூறினார் என்பதும் பதிவாதல் வேண்டும். இன்றேல் ஊகமே உண்மையாய் நிலைத்துவிடும். ஐயத்துக்குரிய பெயரைப் பாடவேறுபாடு போலத் தனித்துக் காட்டுதலே முறை.

1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றது. தமிழகத்துச் சிற்றூர் இதழ்கள் பலவும் அவ்வாறே மறைந்தன. அவற்றில் இடம்பெற்ற முகங்களை அறிந்தோர் முதுமையுற்று வருகின்றனர். தாளைப் பின்னரும் காக்கலாம். பெயர் சொல்வார் மறைந்தபின் பெயரைக் காத்தல் அரிது. ஆதலின், படங்களைப் பெறும் காப்பகம் முதற்கண் அம்முதியோரை நாடுதல் வேண்டும் என்பது எம் துணிபு.