திரை காட்டுவதெல்லாம் உண்மையா?

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் வோல்ட்மீட்டரின் இடத்தையும் அலைநோக்கியின் இடத்தையும் கணிப்பொறி மெல்ல மெல்லப் பிடித்து வருகிறது. உணர்வி தரும் மின்னழுத்தத்தை ஒரு சிறு பெட்டி எண்களாக மாற்றுகிறது. யுஎஸ்பி கம்பி அவற்றைக் கணிப்பொறிக்குக் கொண்டு செல்கிறது. அங்குள்ள நிரல் அவற்றை வளைகோடாக வரைகிறது. இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி பழுதானால் என்ன ஆகும்? பல வேளைகளில் ஒன்றும் ஆகாது. வளைகோடு வந்துகொண்டே இருக்கும்! ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இத்தகைய சாதனங்களை எடைபோட என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றே. எல்லாம் சரியாக இருக்கும்போது அவை எவ்வளவு அழகாக இயங்குகின்றன என்பதன்று. தவறு நேரும்போது பயில்பவருக்கு எவ்வளவு துணை செய்கின்றன என்பதே கேள்வி. இரண்டு சாதனங்களை இந்த அளவுகோலால் பார்ப்போம்.

முதலாவது லேப்வியூ. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் 1976-இல் தொடங்கப்பட்ட நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இதை 1986-இல் வெளியிட்டது. (அந்நிறுவனம் 2023-இல் எமர்சன் நிறுவனத்தின் வசம் சென்றது.) இதில் நிரலை வரிவரியாக எழுத வேண்டியதில்லை. படக்கட்டங்களைத் திரையில் வைத்து அவற்றுக்கிடையே கம்பி இழுத்தால் போதும். இணைப்பு தவறினால் ஓட்டும் அம்புக்குறி உடைந்து காட்டும். பல்பு படத்தை அழுத்தினால் எண்கள் கம்பிவழியே நகர்வதைக் கண்ணால் காணலாம். எந்தக் கம்பியிலும் சோதனை முனையை வைத்து, அப்போது அங்கே உள்ள மதிப்பைப் படிக்கலாம். நிரலின் பழுதைத் தேட இதைவிட நல்ல வசதி கிடைப்பது அரிது.

ஆனால் இவையெல்லாம் நிரலின் பழுதை மட்டுமே காட்டும். இயற்பியலின் பழுதைக் காட்டா. அதே நிறுவனத்தின் யுஎஸ்பி-6008 என்னும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தரை முனையை ஒப்பிட்டு அளக்கும் முறையில், எந்தக் கம்பியும் இணைக்காத வாயிலிலும் ஏறத்தாழ 1.4 வோல்ட் காட்டும். உள்ளே உள்ள மின்தடைகளின் அமைப்பு அப்படி, பெட்டியில் குறையில்லை. உணர்வியின் கம்பி கழன்றதை அறியாத மாணவர் அந்த 1.4-ஐ அளவீடாகவே எழுதிக்கொள்வார். அம்புக்குறி உடையாது, பல்பும் எச்சரிக்காது.

இரண்டாவது எக்ஸ்பைஸ். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், 2004-இல் தொடங்கிய பீனிக்ஸ் திட்டத்தின் வழியே உருவாக்கியது. இதன் நிரல் பைத்தான் மொழியில் உள்ளது. நிரலும் மின்சுற்றும் யாவருக்கும் திறந்தவை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்த கருவியைத்தான் முறையாகச் சந்தேகிக்க முடியும். அந்த வகையில் இது நமக்குக் கிடைத்த பேறு. குறையும் உண்டு. சோதனையின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான திரை ஆயத்தமாக வந்து நிற்கிறது. வீச்சையும் அலைவெண்ணையும் நிரலே கணக்கிட்டு எழுதித் தருகிறது. மாணவர் சிந்திக்க வேண்டிய இடத்தில் பொத்தான் வந்துவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. எக்ஸ்பைஸ்-17-இன் 12-பிட் மாற்றி, அளக்கும் எல்லையை 4096 படிகளாகப் பிரிக்கிறது. எல்லை ±16 வோல்ட் என்றால் ஒரு படி ஏறத்தாழ 8 மில்லிவோல்ட். எல்எம்35 என்னும் வெப்ப உணர்வியோ ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும். சுடுநீர் குளிரும் வளைகோடு அப்போது மாடிப்படிபோல் இறங்கும். உணர்வியைக் குறை சொல்லாதீர்கள்! எல்லையை ±1 வோல்ட்டாக மாற்றினால் படி அரை மில்லிவோல்ட்டாகிவிடும்; கோடும் வழவழப்பாகும்.

இரண்டு சாதனங்களுக்கும் பொதுவான பொறி ஒன்றும் உண்டு. திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் தேரின் சக்கரம் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்தை நொடிக்கு 60 முறை மட்டும் அளந்தால் திரையில் தெரிவது 10 ஹெர்ட்ஸ் அலை. அப்படியோர் அலை அங்கே இல்லவே இல்லை. அலைவெண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்தால்தான் இந்தப் போலி விலகும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? இரும்பை, வானூர், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தமிழ் வழியில் படித்து வரும் மாணவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தவுடன், "எனக்குக் கம்ப்யூட்டர் வராது சார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். லேப்வியூவில் -200220 என்ற எண் வந்தால், கருவியின் பெயர் பொருந்தவில்லை என்று பொருள். வேறு மேசையின் பெட்டியைச் செருகியதால் கணிப்பொறி அதற்கு 'டெவ்2' என்று பெயரிட்டிருக்கும். நிரலோ 'டெவ்1'-ஐத் தேடிக்கொண்டிருக்கும். இதற்காகவா ஒருவர் தம் அறிவையே ஐயுறுவது?

அதே மாணவர் வீட்டில் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் என்ன செய்கிறார்? மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்கிறார், பிறகு பியூஸ் கட்டை, பிறகு ஸ்டார்ட்டர், அதன் பிறகே மோட்டாரைக் கழற்றுகிறார். பழுது தேடும் அறிவியல் அவர் கையிலேயே இருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், அளக்கும் வாயிலைத் தரை முனையோடு இணையுங்கள். சுழி வர வேண்டும். அடுத்து, ஒரு பேட்டரியை இணையுங்கள். மல்டிமீட்டர் காட்டும் மதிப்பே திரையிலும் வர வேண்டும். வராவிட்டால், கருவியோடு வந்த சோதனைத் திரையில் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பழுது உங்கள் நிரலில் இருக்கிறது. அங்கும் தவறினால் கம்பியிலோ பெட்டியிலோ அமைப்பிலோ இருக்கிறது. பேட்டரி சரியாக வந்து உணர்வி மட்டும் தவறினால், உணர்வியையும் அதன் இணைப்பையும் பாருங்கள்.

என் முடிவு இது: இரண்டும் நல்ல சாதனங்கள்; ஆனால் இரண்டும் ஆசிரியரின் வேலையைச் செய்துவிடா. அதைவிடப் பெரிய குறை நம் செய்முறைப் பதிவேட்டில் இருக்கிறது. நோக்கம், கருவிகள், வாய்பாடு, அட்டவணை, முடிவு ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. நேர்ந்த பழுதுக்கும் அதைக் கண்டுபிடித்த வழிக்கும் இடம் இல்லை. அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கி, மதிப்பெண்ணும் கொடுத்துப் பார்க்கட்டும். கிடைத்த எண்ணை நம்புவதற்குமுன் அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் மாணவரிடம் தானே வளரும்.