இடப்பக்கம் திரும்புகிற ஆட்டம்

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் திரை வலப்பக்கம் மட்டுமே நகரும். கடந்த இடம் இடது விளிம்பில் மறைந்துபோனால் போனதுதான், திரும்ப முடியாது. அடுத்த ஆண்டே அதே நிறுவனம் ‘மெட்ராய்ட்’ கொண்டுவந்தது. மாரியோவில் பழகிய கை இதிலும் வலப்பக்கமே ஓடும். கொஞ்ச தூரத்தில் ஆள் நுழைய முடியாத இடுக்கு ஒன்று மறிக்கும். உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும் திறனோ தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கம் கிடக்கிறது. போய் எடுத்துவந்தால்தான் வழி. இதைச் சின்னத் தந்திரம்னு ஒதுக்கிவிட முடியாது. முன்னேற்றம் ஒரே திசையில் நடப்பது என்கிற நேர்கோட்டுக் கதையாடலை ஆட்டத்தின் முதல் நிமிடங்களே உடைத்துப்போடுகின்றன.

இவ்வகைக்குப் பிற்பாடு ‘மெட்ராய்ட்வேனியா’ என்று பெயர் வந்தது. பெயரின் மறுபாதி கொனாமியின் ‘காஸில்வேனியா’ வரிசையிலிருந்து வந்தது. அவ்வரிசையில் 1997இல் வெளியான ‘சிம்பொனி ஆஃப் தி நைட்’டில், கோட்டையைச் சுற்றி முடித்தாச்சு என்று நினைக்கிறபோது அதே கோட்டை தலைகீழாகத் திறக்கிறது. கூரை தரையாகிறது. பழைய இடத்துக்குப் புதிய உடலோடும் புதிய அறிவோடும் திரும்பிப்போவதில்தான் இந்த ஆட்டங்களின் ஈர்ப்பு இருக்கிறது. மறுவாசிப்பின் இன்பம் என்று நாம் பிரதிகளைப் பற்றிச் சொல்வது இங்கே காலால் நடக்கிறது.

பெரிய நிறுவனங்களின் பணமும் ஆளும் முப்பரிமாணத்துக்குப் போய்விட்ட காலத்தில் இந்தத் தட்டை வடிவத்தைத் தூக்கிப்பிடித்தவர்களில் தனியாட்களும் சிறு குழுக்களும் முக்கியமானவர்கள். ஜப்பானின் டைசுகே அமயா ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தனியே உழைத்து, 2004இல் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாகவே கொடுத்தார். படம், இசை, நிரல் எல்லாம் அவரே. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இயங்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு, 2014இல் பொதுமக்களிடம் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, 2017இல் ‘ஹாலோ நைட்’டை வெளியிட்டது. இவர்களெல்லாம் சந்தைக்கு வெளியே நிற்கிறார்கள்னு சொல்ல வரவில்லை. ‘ஸ்டீம்’ கடையில் விற்றால் பொதுவாக நூற்றுக்கு முப்பது கடைக்காரனுக்குப் போகிறது. ஆனாலும் ஆட்டக்காரனைத் தொலைந்துபோக விடலாமா என்பதை முதலாளியிடம் கேட்காமல் முடிவெடுக்க இவர்களால் முடிந்தது. அந்த அளவுக்குத்தான் இந்தச் சுயாதீனம்.

வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். யுபிசாஃப்ட்டின் ‘அஸாஸின்ஸ் க்ரீட்’டில் (2007) கோபுரத்தின் மேல் ஏறினால் சுற்றுவட்டாரம் வரைபடத்தில் திறந்துகொள்கிறது, செய்ய வேண்டிய வேலைகளும் குறியிட்டுக் கிடைக்கின்றன. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிலம் சொந்தமாகிவிடுகிறது. நில அளவைக்காரனின் பார்வை இது, அதிகாரத்தின் பார்வை. ‘ஹாலோ நைட்’டில் புதிய பகுதிக்குள் நுழைந்தால் கையில் எதுவும் இருக்காது. தரையில் சிதறிய தாள்களையும் யாரோ முணுமுணுக்கும் பாட்டையும் தொடர்ந்துபோனால் கார்னிஃபர் என்ற வரைபடக்காரரைப் பார்க்கலாம். அவர் விற்பதும் அரைகுறைப் படம்தான். மிச்சத்தை வரைய இறகுபேனா தனியாக வாங்க வேண்டும். நடந்த வழி படத்தில் ஏற இருக்கை ஒன்றைத் தேடி உட்கார வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவதற்கே ஒரு தாயத்து வேண்டும், அதைக் கட்டிக்கொண்டால் இன்னொரு தாயத்துக்கான இடம் போய்விடும். அறிவுக்கு விலை உண்டு, உழைப்பும் உண்டு என்று ஆட்டத்தின் விதிகளே பேசுகின்றன.

இதே வழியில் இன்னும் தூரம் போனவை உண்டு. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) ஆட்டத்தில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கிறது. எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. கைக்கொள்ளும் பொருள் எதுவும் மிஞ்சாது, தெரிந்துகொண்டது மட்டும் மிஞ்சும். ‘ட்யூனிக்’கில் (2022) புரியாத எழுத்தில் அச்சான கையேட்டின் பக்கங்கள் நிலமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. தொடக்கத்திலிருந்தே செய்யக்கூடியதாக இருந்த ஒரு செயலை, உரிய பக்கம் கிடைத்த பிறகுதான் அறிகிறோம். பூட்டு கதவிலிருந்து வாசிப்பவனின் அறியாமைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது.

இதுவரை சரி. ஆனா, இந்த ஆட்டங்களில் தேடல் கண்டுபிடிப்பதற்கும் செயல் அனுமதிப்பதற்கும் இடையில் பெரிய விரிசல் இருக்கிறது. ‘ஹாலோ நைட்’டின் பூச்சி ராஜ்யத்தைத் துருவிப் பார்த்தால் தெரியவருவது இது: விட்டில் குலம் வணங்கிய ஒளித்தெய்வம் ஒன்று இருந்தது. வெளிறிய அரசன் வந்ததும் அந்தக் குலம் அவன் பக்கம் திரும்பியது, தெய்வம் மறக்கடிக்கப்பட்டது. நாடெங்கும் பரவும் நோய், மறக்கடிக்கப்பட்டவள் கனவுகளின் வழியே திரும்பி வருவதுதான். அதாவது நோய் என்று அரசு பெயரிட்டது, அரசு அழித்த நினைவை. இவ்வளவையும் சிதிலங்களிலிருந்து நம்மையே வாசித்தெடுக்க வைத்துவிட்டு, கடைசியில் ஆட்டம் நம் கையில் கொடுப்பது என்ன? ஓர் ஆணி. ஒரு முடிவில் அவளைக் கொல்கிறோம். இன்னொன்றில் அவளை அடைத்துவைக்கும் சிறையாக நாமே ஆகிறோம். அவளோடு பேச எந்த முடிவிலும் வழியில்லை. விளிம்பிலிருந்து வரலாற்றை வாசித்தவன் மையத்தின் வேலையை முடித்துவைக்கிறான்.

சண்டை ஆட்டம்னா அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லவிடாமல் தடுப்பது இந்த வடிவத்தின் சொந்த வரலாறு. 1991இல் வந்த இரண்டாம் ‘மெட்ராய்ட்’ ஓர் உயிரினத்தையே பூண்டோடு அழிக்க நம்மை அனுப்புகிறது. கடைசி முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நாயகியைத் தாயென்று நம்பிப் பின்னால் வருகிறது. அவள் சுடுவதில்லை. இருவருமாகக் கப்பலுக்கு நடக்கிறார்கள். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ ஆயுதமே கொடுக்கவில்லை. ஆகவே வேறு வினைச்சொற்கள் இந்த மொழியில் இல்லாமலில்லை.

‘ஹாலோ நைட்’டின் படிகமலை உச்சியில் அந்தத் தெய்வத்தின் சிலை இன்னும் நிற்கிறது. ஏறிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆட்டத்தை முடிக்க அது தேவையுமில்லை. ஏற விடுகிறார்கள், பார்க்க விடுகிறார்கள். பார்த்துவிட்டு இறங்கி வந்தவன் கையில் அதே ஆணிதான் இருக்கிறது.