மலர் விரிவதற்குள்

போன மாதம் தெம்பனிஸில் ஒரு சின்ன மேடை. சக்கர நாற்காலியில் பதிமூன்று வயதுப் பையன். நாற்காலியில் மாட்டிய தட்டில் முழங்கையை ஊன்றி, முகுளமாகக் குவித்த விரல்களை மெதுவாக அலபத்மமாக விரிக்கிறான். மொட்டு மலராகிறது. நாலாவது விரல் விரிவதற்குள் அரங்கமே கைதட்டிவிட்டது.

அவனுக்கு டுஷேன் தசைச்சிதைவு என்று தொகுப்பாளர் முன்கூட்டியே மைக்கில் சொல்லியிருந்தார். என்ன ராகம், யார் பாட்டு என்பதைச் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து, "நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன். "நான் முடிக்கிறதுக்குள்ளயே தட்டிட்டாங்கண்ணா" என்றான்.

இதற்கு விமர்சனம் எழுதலாமா என்று ரெண்டு வாரம் தயங்கினேன். 'இது தெரபிங்க, இதுல போய் குறை சொல்லிக்கிட்டு' என்று ஒரு நண்பர் வேறு.

சரி, தெரபி என்றே வைத்துக்கொள்வோம். டுஷேன் உள்ளவர்களின் உடலில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாவதில்லை. தசைநாரின் சவ்வைக் காக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி அது (நான் மெக்கானிக்கல், எனக்கு உவமை இப்படித்தான் வரும்). அது இல்லாதபோது, சுமையைத் தாங்கியபடியே தசை நீளும் அசைவுகளில் சவ்வு அதிகம் கிழிகிறது. அரைமண்டிக்கு மெல்ல இறங்கும்போது தொடைத் தசை செய்வது அதைத்தான். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழக்குவது உதவலாம். அதே பயிற்சியை, இன்னும் நடக்கிற ஒரு டுஷேன் குழந்தைக்கு அப்படியே கொடுத்தால் தீங்கு. 'ஸ்பெஷல் கிட்ஸ் டான்ஸ்' என்று எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்த நோயில் இடுப்பும் தோளும் முதலில் தளர்கின்றன. விரல்கள் நெடுநாள் தாங்கும், முகமும் கண்ணும்கூட. பரதத்தின் சொத்தே அங்கேதானே இருக்கிறது! அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகளாக மட்டுமே 28 சொல்கிறது. உட்கார்ந்தபடியே பதத்துக்கு அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம், யாருக்கும் காட்டிய சலுகை இல்லை.

அன்று நடன அமைப்பாளர் இதில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றி எட்டுப் பிள்ளைகள் துரித காலத்தில் ஜதி ஆட, நடுவில் உற்சவர் மாதிரி இவனை நிறுத்திவிட்டார். மொத்தமே மூன்று முத்திரை. தாளம் அவனுக்காக ஓரிடத்திலும் வேகம் குறையவில்லை.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் அம்பிகா காமேஷ்வரின் ரசா 1989 முதல் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளோடு ஆடலும் நாடகமுமாக வேலை செய்கிறது. இங்கேயே கவிதா கிருஷ்ணனின் மாயா டான்ஸ் தியேட்டர் 2018-இல் டைவர்ஸ் அபிலிட்டீஸ் டான்ஸ் கலெக்டிவைத் தொடங்கியது. தசைநோய் இவர்களின் முதன்மைக் களம் இல்லைதான். ஆனால் அந்தக் கலெக்டிவில் ஆடுபவர்கள் நடனக் கலைஞர்களாகவே பயிற்சி பெறுகிறார்கள், மேடையேறுகிறார்கள்.

பையனின் விரல்களும் ஒருநாள் தளரும். அவனுக்கும் அது தெரியும். அடுத்த நிகழ்ச்சியில் ஒரு முழுப் பதம் கொடுங்கள், விளம்ப காலத்தில், தனியாக. விளக்கு அவன் கையில் விழட்டும். அன்று அது நாற்காலிச் சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.